தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து மூலிகைகளும் கைமருந்தும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காய்ச்சல் பரவும் மாதங்களில் சொந்தக்காரர்களும் அக்கம்பக்கத்தாரும் என்னிடம் கேட்பவை பெரும்பாலும் ஒரே மாதிரியான கேள்விகள்தான். திரும்பத் திரும்பச் சொன்னவற்றை இங்கே எழுதி வைக்கிறேன். நான் பாப்பாரப்பட்டிப் பக்கத்துக்காரி. வீட்டைச் சுற்றி மூலிகை வளர்க்கிறேன், வைத்தியம் படித்தவள் அல்ல. எந்தச் செடி, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்ற மூன்றும் தெரிந்தால்தான் அது கைமருந்து. வாட்ஸ்அப்பில் வருவது முதலாவது மட்டும். பின்னிரண்டையும் முடிந்தவரை இங்கே சேர்த்திருக்கிறேன்.

எந்த நோவுக்குக் கைமருந்து போதும்?

சாதாரண சளி, தொண்டைக் கரகரப்பு, அஜீரணம், வாயு, லேசான வயிற்றுப்போக்கு, பூச்சிக்கடி, மேல்தோல் அரிப்பு, உடம்பு வலி. இவற்றுக்கு இரண்டு மூன்று நாள் வீட்டில் பார்க்கலாம். மூச்சுத் திணறல், நெஞ்சுவலி, வலிப்பு, ரத்தம் கலந்த வாந்தி அல்லது மலம், நினைவு தப்புதல், சிறுநீர் நின்றுபோவது, மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் இவற்றில் எது வந்தாலும் அடுப்பைப் பற்ற வைக்காதீர்கள். 108-ஐக் கூப்பிடுங்கள்.

காய்ச்சல் வந்தவுடனே நிலவேம்புக் கஷாயம் கொடுக்கலாமா?

பெரியவர்களுக்குக் கொடுக்கலாம். கடையில் வாங்கும்போது ‘நிலவேம்புப் பொடி’ வேறு, ‘நிலவேம்புக் குடிநீர்ச் சூரணம்’ வேறு என்று பார்த்து வாங்குங்கள். முன்னது நிலவேம்பு மட்டும். பின்னதில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்கு. 2012-இல் டெங்கு பரவியபோது அரசு ஊர் ஊராகக் கொடுத்தது இந்த ஒன்பது சரக்குக் குடிநீரைத்தான்.

ஒரு தேக்கரண்டிச் சூரணத்தை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டு, கால் டம்ளராகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டி, வெதுவெதுப்பாகக் குடிக்க வேண்டும். காய்ச்சி மூன்று மணி நேரத்துக்குள் குடித்துவிடுவது நல்லது. காலையில் போட்டதை மாலையில் சூடாக்கிக் குடிக்க வேண்டாம். கர்ப்பிணிகளுக்கு இது ஆகாது. குழந்தைகளுக்கு அளவு குறைவு. அதைச் சித்த மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு கொடுங்கள்.

கஷாயம் குடிப்பதால் பரிசோதனை தேவையில்லை என்று ஆகிவிடாது. இதில் எனக்குப் பெரிய கவலை உண்டு. டெங்குவில் ஆபத்து கூடுவது பெரும்பாலும் காய்ச்சல் விட்ட பிறகுதான், மூன்றாம் நாளுக்கும் ஏழாம் நாளுக்கும் இடையில். ‘கஷாயம் கேட்டுவிட்டது, உடம்பு குளிர்ந்துவிட்டது’ என்று வீட்டார் நிம்மதியாகும் நேரமும் அதுவே. கடும் வயிற்றுவலி, நிற்காத வாந்தி, ஈறில் ரத்தம், கைகால் சில்லிட்டுப்போவது இருந்தால் உடனே ஆஸ்பத்திரி. காய்ச்சல் மூன்று நாள் நீடித்தால் ரத்தப் பரிசோதனை கட்டாயம்.

டெங்குவில் குறையும் ரத்தத் தட்டணுக்களைப் பப்பாளி இலைச் சாறு கூட்டுமா?

எண்ணிக்கை கொஞ்சம் விரைவாக ஏறியதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. ரத்தக்கசிவையோ உயிரிழப்பையோ தடுக்கிறது என்று நிறுவப்படவில்லை. குமட்டல் இருப்பவருக்கு அந்தக் கசப்பு வாந்தியைக் கூட்டும். அந்நேரம் உடம்புக்குள் தண்ணீர் நிற்பதுதான் முக்கியம். இளநீர், கஞ்சி, உப்புச் சர்க்கரைக் கரைசல் ஆகியவையே முதலில்.

கஷாயம் காய்ச்ச எந்தத் தண்ணீர் நல்லது?

என்னிடம் மிகச் சிலரே கேட்ட கேள்வி. நம் இரண்டு மாவட்டத்துக்கும் இதைவிட முக்கியமான கேள்வி இல்லை என்பேன்.

நம் பக்கத்துப் பாறை நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல ஊர்களில் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறையும், வயதானவர்களுக்கு முதுகு, மூட்டு இறுக்கமும் வருவதற்கு அது ஒரு காரணம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே இதற்காகத்தான் வந்தது. குடிநீரில் ஃப்ளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு நீர் கிடைக்காவிட்டால் 1.5 வரை என்பது இந்தியத் தர நிர்ணயம்.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், ஃப்ளோரைடு போகாது. நான்கு பங்குத் தண்ணீரை ஒரு பங்காகச் சுண்ட வைத்தால், நான்கு பங்கில் இருந்த அத்தனையும் அந்த ஒரு பங்கில் நிற்கும். ஐந்து நாள் கஷாயத்தால் கேடு வந்துவிடாது. ஆனால் மூட்டுவலிக்கென்று வருடக்கணக்கில் தினம் இரண்டு வேளை போர்த் தண்ணீரில் கஷாயம் வைத்துக் குடிப்பவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். களி கிண்டுவதும் அதே தண்ணீர், சோறு பொங்குவதும் அதே தண்ணீர். மூட்டு இறுக்கத்துக்கு மருந்து என்று நினைத்து அதன் காரணத்தையே சேர்த்துக் குடிக்கும் நிலை அது. கஷாயத்துக்கு ஒகேனக்கல் தண்ணீர், மழைநீர், ஆர்ஓ தண்ணீர் இவற்றில் ஒன்றை எடுங்கள். மூன்றும் இல்லாத ஊரானால் போர்த் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்து அளவு தெரிந்துகொள்ளுங்கள்.

சளி, இருமலுக்கு ஆடாதொடையா, தூதுவளையா, கற்பூரவல்லியா?

மூன்றும் ஒன்றல்ல. கற்பூரவல்லி மென்மையானது. மூக்கடைப்பும் லேசான சளியும் என்றால் இரண்டு இலையை வாட்டிச் சாறு பிழிந்து தேனோடு கொடுக்கலாம் (ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கூடவே கூடாது). தூதுவளை உணவாகச் சாப்பிட ஏற்றது. முள்ளை நீக்கி நெய்யில் வதக்கித் துவையலாகவோ ரசமாகவோ வைத்தால், சளி பிடித்துச் சோறு இறங்காதவர்களும் இரண்டு கவளம் கூடச் சாப்பிடுவார்கள்.

ஆடாதொடைதான் இவற்றில் மருந்து என்ற சொல்லுக்குப் பொருத்தமானது. ஆடு தொடாததால் நம் தோட்டங்களில் வேலியாகவே நிற்கிறது. இதிலுள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாக வைத்துத்தான் புரோம்ஹெக்சின் என்ற சளி இளக்கி மருந்து உருவாக்கப்பட்டது. பல இருமல் சிரப்புகளில் அது இருக்கும். கெட்டிச் சளியை இளக்கி வெளியேற்றுவதில் ஆடாதொடைக்குப் பெயர் வந்தது சும்மா இல்லை. இலையின் நடு நரம்பை நீக்கி, நான்கு மிளகு தட்டிப்போட்டுக் கஷாயம் வைப்பது வழக்கம். அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுகளில் ஆடாதோடை மணப்பாகு (சிரப்) என்றே கிடைக்கும், பிள்ளைகளுக்கு அது எளிது. கருப்பையைச் சுருங்கவைக்கும் குணம் இருப்பதால் கர்ப்பிணிகள் ஆடாதொடையைத் தொடவே வேண்டாம்.

நொச்சி ஆவி நல்லது, ஆனால் பிள்ளையை மடியில் வைத்துப் போர்வைக்குள் கொதிக்கும் பாத்திரத்தோடு உட்காருவது வேண்டாம். பாத்திரம் சாய்ந்தால் தொடை முழுக்க வெந்துபோகும்.

இருமல் இரண்டு வாரத்தைத் தாண்டினால் எந்தக் கஷாயத்தையும் தொடராதீர்கள். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் சளிப் பரிசோதனை இலவசம். காசநோய் என்றால் மருந்தும் இலவசம்.

சர்க்கரைக்கு ஆவாரம்பூவும் சிறுகுறிஞ்சானும் சாப்பிட்டால் மாத்திரையை நிறுத்திவிடலாமா?

நிறுத்தக் கூடாது.

ஆவாரை நம் மண்ணின் செடி. மழை பொய்த்த வருடத்திலும் கரட்டு மேட்டில் மஞ்சளாகப் பூத்து நிற்கும். பொங்கலுக்கு முன் காப்புக் கட்டும்போது வேப்பிலை, பூளைப்பூவோடு இதையும் சேர்த்து வாசலில் செருகுகிறோம். ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியைச் சொல்லாத பாட்டி இல்லை. காய்ந்த பூவைக் கொதிக்கவைத்துக் குடிப்பதில் தவறில்லை. டீக்கும் சர்க்கரைக்கும் பதிலாக அதைக் குடித்தாலே பாதி நன்மை. துவர்ப்பு அதிகமாதலால் மலச்சிக்கல் உள்ளவர்கள் அளவாக.

சிறுகுறிஞ்சான் வீரியம் கூடியது. இலையை மென்று துப்பிவிட்டு வெல்லத்தை வாயில் போட்டுப் பாருங்கள், இனிப்பே தெரியாது. நாக்கில் இனிப்பை உணரும் இடங்களை இதன் அமிலங்கள் சிறிது நேரம் அடைத்துவிடுகின்றன. கடைக்காரர் தந்தது சிறுகுறிஞ்சான்தானா என்று தெரிந்துகொள்ளவும் இதுவே நல்ல சோதனை. ஏற்கெனவே மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் இதையும் சேர்த்தால் சர்க்கரை அளவு திடீரென இறங்கி வியர்வை, நடுக்கம், மயக்கம் வரலாம். மருத்துவரிடம் சொல்லிவிட்டு, அளவு பார்த்துக்கொண்டே சாப்பிடுங்கள்.

நித்தியகல்யாணிப் பூவையோ இலையையோ சர்க்கரைக்கென்று தின்பவர்களும் இருக்கிறார்கள். வின்கிரிஸ்டின், வின்பிளாஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகளை அந்தச் செடியிலிருந்து பிரித்தெடுக்கிறார்கள். நரம்பையும் எலும்பு மஜ்ஜையையும் பாதிக்கக்கூடியவை அவை. வாயில் போடும் செடியல்ல.

மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி கொடுத்தால் குணமாகிறதே, பிறகு ஏன் ஆஸ்பத்திரி?

காமாலை ஒரு நோயல்ல, பல நோய்களின் அடையாளம். கெட்ட தண்ணீரால் வரும் ஹெபடைட்டிஸ் ஏ, ஈ வகைகள் பெரும்பாலானவர்களுக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். அந்த வாரங்களில் கீழாநெல்லியை மோரில் அரைத்துக் குடித்து, எண்ணெயும் சாராயமும் இல்லாமல் பத்தியம் இருந்தால் உடம்பு தேறும். தேற்றியதில் பத்தியத்துக்குப் பெரும் பங்கு உண்டு. பித்தப்பைக் கல், குடியால் கெட்ட ஈரல், எலிக்காய்ச்சல், ஹெபடைட்டிஸ் பி ஆகியவற்றாலும் அதே மஞ்சள் வரும். கல் அடைத்த குழாயைக் கீழாநெல்லி திறக்காது. கர்ப்பிணிக்கு ஈ வகை வந்தால் உயிருக்கே ஆபத்து.

கீழாநெல்லியை அறிவியல் கண்டுகொள்ளவில்லை என்று வருத்தப்படுபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். சென்னை ஆய்வாளர்கள், ஹெபடைட்டிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து 1976-இல் நோபல் பெற்ற பாருக் புளும்பெர்க்கோடு சேர்ந்து, 1988-இல் லான்செட் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். கீழாநெல்லிப் பொடி எடுத்த 37 பேரில் 22 பேரின் ரத்தத்தில் வைரஸின் மேலுறைப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்கு மட்டுமே அப்படி ஆனது. உலகமே திரும்பிப் பார்த்தது. பின்னர் வேறு இடங்களில் செய்த சோதனைகளில் அந்தப் பலன் திரும்பக் கிடைக்கவில்லை. ஆகவே கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காரணம் தெரிந்த பிறகு, மருத்துவர் சரி என்றால் கீழாநெல்லி.

கண்ணில் சாறு விடுவது, கையில் சூடு வைப்பது இரண்டும் வேண்டாம். பார்வை போவதும் புண் சீழ் பிடிப்பதும்தான் மிச்சம்.

சிறுநீரகக் கல்லுக்குச் சிறுபீளை?

காப்புக் கட்டும் பூளைப்பூ இதுதான். சிறுபீளையும் நெருஞ்சிலும் சேர்த்துக் கஷாயம் வைப்பது நம் பக்கத்துப் பழக்கம், சிறுநீரை நன்றாகப் போகவைக்கும். 5 மில்லிமீட்டருக்குள் உள்ள கற்கள் பெரும்பாலும் தாமாகவே வெளியேறிவிடும், அவற்றுக்கு இந்தக் கஷாயமும் நிறையத் தண்ணீரும் துணை. செங்கல் சூளையிலும் மாந்தோப்பிலும் வெயிலில் நின்று வேலை செய்பவர்களுக்குக் கல் வருவதற்குத் தண்ணீர் குடிக்காததே பெரிய காரணம். வலியோடு குளிர்காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனை. கல்லுக்குப் பின்னால் தொற்று ஏறியிருக்கும்.

மூட்டுவலிக்கு?

முடக்கத்தான் தோசை, பிரண்டைத் துவையல், நொச்சி இலை ஒத்தடம். பிரண்டையைக் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு நாரெடுத்து, புளி சேர்த்து நன்றாக வதக்கினால் நாக்கு நமைக்காது. மூட்டு வீங்கிச் சூடாக இருந்தால் ஒத்தடம் வேண்டாம்.

பச்சைக் குழந்தைக்கு உரை மருந்து கொடுக்கலாமா?

பாட்டிமார்களிடம் சொல்லத் தயங்கும் பதில்தான், ஆனாலும் சொல்கிறேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். வசம்பு, ஜாதிக்காய், மாசிக்காய், கடுக்காய் என்று உரைத்து ஊற்றும்போது அளவு கைக்குக் கை மாறுகிறது. உரைகல்லில் இருக்கும் அழுக்கும் சேர்ந்து போகிறது. ஜாதிக்காய் கூடினால் பிள்ளை எழாமல் தூங்கும். அதை நல்ல தூக்கம் என்று நினைத்துவிடுகிறோம். வசம்பிலுள்ள அசரோன் விலங்குச் சோதனைகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இல் உணவில் அதைத் தடை செய்தது. வசம்பைச் சுட்டு நெற்றியிலும் பாதத்திலும் பொட்டு வைக்கும் வழக்கம் போதும்.

வேப்பெண்ணெய் இதைவிடக் கடுமை. பூச்சிக்கென்று சிறு பிள்ளைகளுக்கு வாயில் ஊற்றியதால் வலிப்பும் மூளை, ஈரல் பாதிப்பும் வந்து இறந்ததை மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன. குடற்புழுவுக்கு அங்கன்வாடியிலும் பள்ளியிலும் தரும் அல்பெண்டசோல் மாத்திரை போதும்.

பாம்புக்கடிக்குப் பச்சிலை உண்டா?

இல்லை. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் நான்கின் நஞ்சுக்கும் மருத்துவமனையில் கொடுக்கும் விஷமுறிவு ஊசிதான் மருந்து. அந்த ஊசிக்கு வேண்டிய நஞ்சை எடுத்துக் கொடுப்பவர்களில் 1978-இல் தொடங்கிய இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கமும் உண்டு. பாம்பைப் பரம்பரையாக அறிந்தவர்களின் கைவண்ணம்தான் அந்த ஊசிக்குள் இருக்கிறது. கடிபட்ட கையையோ காலையோ அசைக்காமல் கட்டை கொடுத்து வைத்து, கீறாமல், உறிஞ்சாமல், இறுக்கிக் கட்டாமல் கூட்டிச் செல்லுங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ தெரியாமல் இருக்கலாம். ராத்திரி தரையில் படுத்தவர் விடியலில் வயிற்றுவலி, இமை தொங்கல் என்றால் சந்தேகப்படுங்கள். நாய்க்கடிக்கும் இலை கட்டுவதில்லை. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவிவிட்டு, அன்றே தடுப்பூசி.

தொடவே கூடாத செடிகள் எவை?

ஊமத்தை, அரளி, எருக்கம்பால் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் சாப்பிடுவது இரண்டு.

ஒன்று ஆடுதின்னாப்பாளை. புழுவுக்கும் விஷக்கடிக்கும் என்று பேர்போனது. இதிலும் இதன் இனமான ஈஸ்வரமூலியிலும் அரிஸ்டோலோக்கிக் அமிலம் உள்ளது. 1990-களின் தொடக்கத்தில் பெல்ஜியத்தில் உடல் இளைக்க எடுத்த மருந்தில் இந்தக் குடும்பச் செடி ஒன்று கலந்துவிட, பல பெண்களுக்குச் சிறுநீரகம் செயலிழந்தது. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு இதை வைத்திருக்கிறது. சாப்பிட்ட அன்று ஒன்றும் தெரியாது, கேடு வருடங்கள் கழித்து வரும். அதனால்தான் ‘எங்க தாத்தா சாப்பிட்டார், நல்லாத்தானே இருந்தார்’ என்ற பேச்சை இந்தச் செடிக்கு ஏற்க முடியாது.

மற்றது செங்காந்தள் கிழங்கு. நம் மாநில மலர், பார்க்க அத்தனை அழகு. கிழங்கில் கோல்சிசின் என்ற கடும் நஞ்சு. காட்டுக் கிழங்கு தோண்டும்போது வேறு கிழங்கென்று மயங்கித் தின்றவர்கள் உண்டு.

வேறு மாத்திரை சாப்பிடுபவர்கள் கவனிக்க வேண்டியது?

ரத்த அழுத்தக்காரர்களுக்கு அதிமதுரம் ஆகாது. அழுத்தத்தை ஏற்றி, பொட்டாசியத்தை இறக்கும். சீந்தில் கொடியை 2020, 2021-இல் கொரோனா பயத்தில் தினமும் குடித்த சிலருக்கு ஈரல் பாதிப்பு வந்ததை மும்பை மருத்துவர்கள் பதிவு செய்தார்கள். வேப்பமரத்தில் படர்ந்த சீந்தில்தான் சிறந்தது என்று தேடிப் பறிப்பவர்கள் இதையும் அறிந்திருக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு இரண்டு வாரம் முன்பே எல்லாக் கஷாயத்தையும் நிறுத்திவிட்டு, என்ன குடித்தீர்கள் என்று மருத்துவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள்.

எங்கே பறிப்பது, எங்கே பறிக்கக் கூடாது?

பாலக்கோடு, ராயக்கோட்டைத் தக்காளித் தோட்டங்களின் வரப்பிலும், ஓசூர் ரோஜாப் பண்ணைகளின் ஓரத்திலும் முளைத்த கீழாநெல்லி எத்தனை செழிப்பாக இருந்தாலும் விட்டுவிடுங்கள். பூச்சிமருந்து அதன் மேலும் பட்டிருக்கும். பூக்கும் பருவத்து மாந்தோப்பும் அப்படியே. நெடுஞ்சாலையோரச் செடியில் புகையும் தூசியும். சாக்கடையோர வல்லாரை வேண்டவே வேண்டாம், அது நீரில் இருப்பதை எல்லாம் உறிஞ்சும்.

காப்புக்காட்டில் நாமாகப் போய் வேரும் கிழங்கும் தோண்டுவது சட்டப்படி குற்றம். சித்தேரி மலையில் வாழும் மலையாளி என்ற பழங்குடி மக்களுக்கும் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டைப் பக்கத்து இருளர்களுக்கும் கடுக்காய், நெல்லி, சீகைக்காய் போன்றவற்றைச் சேகரிக்கும் உரிமையை 2006-ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் ஏற்கிறது. அவர்களிடம் நியாயமான விலைக்கு வாங்குங்கள். மாகாளிக்கிழங்கு ஊறுகாய்க்காகவே கிழக்குத் தொடர்ச்சி மலையில் அளவின்றித் தோண்டப்பட்டு அருகிவருகிறது. பேரம் பேசி அதை மலிவாக்க வேண்டாம்.

வீட்டில் நான்கைந்து செடி மட்டும் வைக்க இடமிருந்தால்?

கற்பூரவல்லி, துளசி, தூதுவளை, பிரண்டை, இடமிருந்தால் வேலியோரம் ஆடாதொடை. கற்பூரவல்லியும் பிரண்டையும் ஆடாதொடையும் குச்சி ஒடித்து நட்டாலே வரும், மழைக்காலத்தில் வைத்தால் தண்ணீர்ச் செலவும் இல்லை. தூதுவளைக்கு முள் உண்டு, பிள்ளைகள் ஓடும் பாதையில் வேண்டாம், சுவரோரம் பந்தல் கட்டி ஏற்றுங்கள். நிலவேம்பு விதை தூவினால் முளைக்கும். பூக்கத் தொடங்கும்போது அறுத்து, நிழலில் உலர்த்தி, நாள் எழுதி ஒட்டிய டப்பாவில் வையுங்கள். பூசணம் பிடித்தாலோ வாசம் மாறினாலோ உரக்குழியில் கொட்டிவிடுங்கள். நட்ட செடி எதுவென்று ஐயமிருந்தால் இலையும் பூவும் சேர்ந்த கிளையோடு பக்கத்து அரசு மருத்துவமனைச் சித்தப் பிரிவுக்குப் போய்க் காட்டுங்கள். சீட்டுப் போட்டு வரிசையில் நின்றால் மருத்துவர் பார்த்துச் சொல்வார்.